விடிந்த பிறகு கர்ணனுக்கு என்ன மரியாதை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திரௌபதி அம்மன், கூத்தாண்டவர், மாரியம்மன், அய்யனார் கோயில்களின் விழாக்குழுவினருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தலைக்கட்டு வரி தண்டும் இளைஞர்களுக்கும்,



தை பிறந்ததும் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போடுவீர்கள். வரி எவ்வளவு, திருவிழா எத்தனை நாள், எந்த ஊர்ச் செட்டைக் கூத்துக்கு அழைப்பது என்றெல்லாம் பேசி முடிவெடுப்பீர்கள். பிறகு அந்தச் செட்டை நடத்தும் வாத்தியாரை வரச் சொல்லி, வெற்றிலை பாக்கு மாற்றி முன்பணம் கொடுப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் ஊர்க் கூத்துக் களரியில் விடிய விடிய ஆடுகிற கலைஞனுக்குக் கைதட்டுகிறோம், மாலை போடுகிறோம், மார்ப்பதக்கத்தின் மேல் ரூபாய் நோட்டைக் குத்துகிறோம். ஊருக்குள் ஓர் இடம் மட்டும் கொடுப்பதில்லை. கைதட்டலால் அந்த இடம் கிடைக்காது. பணம் மட்டும் இருந்தாலும் கிடைக்காது. எழுதி வைத்த உரிமையும் அன்றாட மரியாதையும் சேர்ந்தால்தான் கிடைக்கும். அதைத் தருகிற அதிகாரம் அரசாங்கத்தைவிட முதலில் உங்களிடம் இருக்கிறது.

கர்ண மோட்சம் கூத்து நடக்கிற இரவில் நம் ஊர்களில் கண் கலங்காதவர் குறைவு. அந்தக் கர்ணனின் கதை ஓர் ஆடுகளத்தில்தான் தொடங்குகிறது. துரோணரின் மாணவர்கள் வித்தை காட்டும் அரங்கேற்றத்தில், அருச்சுனனுக்கு நிகராக வில்வித்தை காட்டுகிறான் யாரோ ஓர் இளைஞன். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. கிருபர் எழுந்து, உன் குலம் என்ன, உன் தகப்பன் யார் என்று கேட்கிறார். இளைஞன் தலை கவிழ்கிறான். அந்த இடத்திலேயே துரியோதனன் அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்கி முடிசூட்டுகிறான். முடி ஏறியது, பேச்சு நிற்கவில்லை. ‘தேரோட்டி மகன்’ என்ற சொல் பதினேழாம் நாள் போர்வரை அவன் பின்னாலேயே வருகிறது. திறமைக்குப் பாராட்டு கிடைத்தது, பட்டம் கிடைத்தது, நாடே கிடைத்தது. சபையில் சமமாக உட்காரும் மதிப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. இதைப் பார்த்துத்தான் நாம் வருஷா வருஷம் அழுகிறோம்.

இது கதையில் மட்டும் நடந்ததல்ல. பழைய ரோமாபுரி முழுக்க இதே வழக்கம் சட்டமாகவே இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ரோமில் கிளாடியேட்டர்கள் என்றொரு வகுப்பார் இருந்தார்கள். மணல் பரப்பிய வட்டக் களத்தில் வாளும் வலையும் ஏந்தி, ஊர் கூடிப் பார்க்க ஒருவரோடு ஒருவர் மோதுவது அவர்கள் தொழில். போரில் பிடிபட்டவர்களும் அடிமைகளும் தண்டனைக் கைதிகளுமே பெரும்பாலோர். கடன் தலைக்கு மேல் ஏறி, முன்பணம் வாங்கிக்கொண்டு தாமாக வந்து சேர்ந்த குடிமக்களும் அவர்களில் உண்டு. அப்படிச் சேர்கிறவர், தன்னை நெருப்பால் சுடவும் கட்டவும் அடிக்கவும் வாளால் கொல்லவும் சம்மதித்துச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அதோடு குடிமகனுக்குரிய மானமும் அவரை விட்டுப் போய்விடும். நகரசபைப் பதவிக்கு அவர் வர முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர் இழிந்தவர். அந்தக் களங்கம் அவர் களத்தை விட்டு விலகிய பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அதே மனிதரை ரோம் தலையில் வைத்துக் கொண்டாடியது. பாம்பெய் நகரத்துச் சுவர்களில், கெலாடஸ் என்ற கிளாடியேட்டரைப் பெண்களின் மனம் கவர்ந்தவன் என்று கீறி வைத்த எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. மண் விளக்குகளில்கூட அவர்கள் உருவத்தை வார்த்தார்கள். இத்தனை புகழும் சுடுகாட்டு வாசல்வரை அவர்களைக் காப்பாற்றவில்லை. வட இத்தாலியில் சார்சினா என்ற ஊரில் ஹொராத்தியுஸ் பால்புஸ் என்ற செல்வர் தன் ஊர்க்காரர்களுக்கு இடுகாட்டு நிலம் தானம் செய்தார். அந்தத் தானத்தைக் கல்லில் வெட்டியபோதே, கூலிக்குக் கிளாடியேட்டராகச் சேர்ந்தவர்களுக்கு இதில் இடமில்லை என்றும் வெட்டி வைத்தார். விளையாட்டு பார்க்கும்போது வேண்டியவர், செத்தால் பக்கத்தில் படுக்கக் கூடாதவர்.

நடிகர்களின் நிலையும் இதுதான். கி.மு. 18-இல் பேரரசர் அகஸ்டஸ் கொண்டுவந்த திருமணச் சட்டம், செனட் சபையினரின் வாரிசுகள் நடிப்புத் தொழிலில் இருப்பவர்களை மணக்கக் கூடாது என்றது. நடிகர்களின் பிள்ளைகளையும் மணக்கக் கூடாது என்றது. தகப்பன் மேடை ஏறினால் மகளின் கல்யாணம் தடைபடும். நம் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் ‘கூத்தாடிக் குடும்பமாமே’ என்று தயங்குவதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சட்டம் புதிதாகத் தோன்றாது. அங்கே எழுதி வைத்திருந்தார்கள். இங்கே எழுதாமலே நடக்கிறது.

மேலே ஏறியவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் காயுஸ் அப்புலேயுஸ் டியோக்ளெஸ் என்ற தேரோட்டி 24 ஆண்டுகள் ஓட்டி, 4,257 பந்தயங்களில் 1,462-இல் வென்றார். அவர் சம்பாதித்த பரிசுத் தொகை 3,58,63,120 செஸ்டெர்ஸ் என்று கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. ரோஸ்கியுஸ் என்ற நகைச்சுவை நடிகருக்கு, சர்வாதிகாரி சுல்லா பிரபுக்களுக்குரிய பொன் மோதிரத்தை அணிவித்தார். அதன் பிறகு ரோஸ்கியுஸ் மேடைக்குக் கூலி வாங்குவதையே விட்டுவிட்டார். கூலி வாங்கி ஆடுவதுதான் இழிவு என்பது அங்கே நிலைத்துப்போன எண்ணம். தன் தொழிலுக்கு ஊதியம் பெறும் உரிமையைக் கைவிட்ட பிறகே அந்த மாபெரும் நடிகருக்கு மரியாதை நிலைத்தது.

இன்னும் உயரப் போனவர் தியோடோரா. கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்துப் பந்தயத் திடலில் கரடி வளர்த்தவரின் மகள். தகப்பன் இறந்ததும், தாய் மூன்று சிறுமிகளின் தலையில் மாலை சூட்டி, திடலில் கூடியிருந்த கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தி உதவி கேட்டார். அந்தச் சிறுமிகளில் ஒருவர் நடிகையாகி, பின்னர் கி.பி. 527-இல் பேரரசியானார். பின்னாளில் பேரரசரான ஜஸ்டீனியன் அவரை மணப்பதற்கு முன்னால், மேடையை விட்டு விலகிய நடிகைகள் உயர்குலத்தாரை மணக்கலாம் என்று அப்போதைய பேரரசர் ஜஸ்டின் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. காதலும் அழகும் திறமையும் எல்லாம் இருந்தும், எழுதிய சட்டத்தைத் திருத்தி எழுதாமல் அந்தப் படியை அவரால் தாண்ட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படி ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு கல்லறைக் கல் சாட்சி. உர்பிகுஸ் என்ற வீரன், புளோரன்ஸ் ஊர்க்காரன், 13 முறை மோதினான், 22 வயதில் இறந்தான். அவனோடு ஏழு ஆண்டு வாழ்ந்த மனைவி லவ்ரிகியா அந்தக் கல்லை நட்டாள். அவன் விட்டுப்போனபோது ஒரு மகளுக்கு ஐந்து மாதம். கிளாடியேட்டர் என்றதும் தசை திரண்ட உடம்பைத்தான் சினிமா காட்டுகிறது. அந்த உடம்புக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு வீடு இருந்தது. நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது அந்த வீட்டைத்தான்.

கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கலைஞனுக்கு இழிவு முத்திரை குத்துகிறீர்களே என்று தன் காலத்து மக்களைக் கடிந்துகொண்டார். கி.பி. 200-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்தக் கண்டனம் நம்மையும் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது.

நம் கூத்துக் கலைஞர் அடிமை இல்லை. களத்தில் உயிரை விட வேண்டியதும் இல்லை. சட்டப்படி அவரும் நம்மைப்போல் முழுக் குடிமகன், ஓட்டுரிமை உள்ளவர். அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் ராத்திரி ஒரு மதிப்பு, விடிந்தால் வேறு மதிப்பு என்கிற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

கச்சிராயபாளையம் பக்கம் ஓர் ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொழுது விடிந்துகொண்டிருந்தது. கர்ணன் வேஷம் கட்டியவர் பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாகக் குந்தி, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்துச் சிவப்பு போகவே இல்லை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும் பக்கத்தில் கோணிமேல் கிடந்தன. கட்டை கட்டிய இடமெல்லாம் தோளில் கயிற்றுத் தடம். இரவு அவர் திரையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எழுந்து நின்று கைதட்டிய அதே ஆட்கள், காலையில் அவரைத் தாண்டித்தான் பால் கறக்கப் போனார்கள். யாரும் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

வாத்தியார் விழாக்குழு ஆளிடம் பாக்கிப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். “கலெக்‌ஷன் இன்னும் முடியலய்யா, அப்புறமா வந்து வாங்கிக்க” என்றார் அந்த இளைஞர். வாத்தியாருக்கு அவருடைய அப்பா வயதிருக்கும். “பதினாலு பேரு இருக்கோம் தம்பி, வேன்காரன் நிக்கிறான்” என்றார் வாத்தியார். “ராத்திரி தருமரு ரெண்டு பாட்டக் கொறச்சிட்டாரு, அதுக்கும் சேத்துதான் பாக்கணும்” என்று பதில் வந்தது. கடைசியில் பேசிய தொகையில் குறைத்துத்தான் கையில் வைத்தார்கள். கர்ணன் வேஷக்காரர் அன்று மத்தியானம் கரும்பு வெட்டப் போக வேண்டும் என்றார். மகன் படிக்கிறானா என்று கேட்டேன். “பாலிடெக்னிக்கு. இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டன் சார்” என்றார். விருத்தம் பாடி எழுநூறு எண்ணூறு பேரை அழ வைத்த மனிதர், தன் மகனுக்கு அந்தப் பாட்டைக் கொடுக்க விரும்பவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. பங்குனியிலிருந்து ஆடிவரைதான் கூத்துக்காரர்களுக்குச் சீசன். மற்ற மாதங்களுக்கு வாத்தியாரிடம் முன்பணம் வாங்கியே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. முன்பணம் வாங்கினால் அந்த வருஷம் அந்தச் செட்டில்தான் ஆட வேண்டும். வாத்தியாரும் அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கொடுத்திருப்பார். நீங்கள் பாக்கியைப் பிடித்து வைக்கும்போது, அந்தச் சுமை வாத்தியாரிலிருந்து மத்தளக்காரர், முகவீணைக்காரர், கட்டியக்காரர் என்று ஒவ்வொரு வீடாக இறங்குகிறது. 2020, 2021 ஊரடங்கு சரியாகச் சீசன் மாதங்களில் வந்து விழுந்தபோது, எத்தனையோ பேர் கொத்து வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை.

கலைஞரை எப்படி நடத்த வேண்டும் என்று நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. நம் மலைகளை ஒட்டியே அந்தப் பாடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்ட பாட்டு. அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். செங்கத்து நன்னனிடம் போகிற கூத்தர் கூட்டத்துக்கு வழியில் எந்த மலையில் என்ன ஆபத்து, எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், அரசன் எப்படி வரவேற்பான் என்றெல்லாம் சொல்லி அனுப்பும் பாட்டு அது. ஊர் ஊராகப் போகும் கலைஞர்களுக்கு வழியும் உணவும் தங்கலும் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஒரு புலவர் பாட்டு முழுக்க அக்கறைப்பட்டிருக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு சான்று கல்லிலேயே இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்தில், வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று வெட்டி வைத்தார்கள். அவர் வழியினருக்கும் அந்த உரிமை தொடர வேண்டும் என்றும் எழுதினார்கள். திருமுதுகுன்றம் என்பது நம் பக்கத்து விருத்தாசலத்தின் பழைய பெயர். ஆடியவர் பெயர், ஆடிய நாடகம், ஆட வேண்டிய மாதம், கொடுக்க வேண்டிய அளவு, பெற வேண்டிய வாரிசு எல்லாம் கல்லில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கூத்தரின் பெயர் நமக்குத் தெரிகிறது. போன வருஷம் உங்கள் ஊரில் ஆடிய துரியோதனனின் பெயரை உங்கள் திருவிழா நோட்டீஸில் தேடிப் பாருங்கள். உபயதாரர் பெயர்கள் இரண்டு பத்தி இருக்கும். வேஷக்காரர் பெயர் ஒன்றுகூட இருக்காது.

எழுத்தில் வைப்பது ஏன் முக்கியம் என்பதை நம் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையைக் கேட்டாலே தெரியும். நாடு விடுதலை பெற்ற பிறகும் 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தார் வீட்டுக்கும் நிலத்துக்கும் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தார்கள். யாருடைய நல்ல மனசும் அதை நிறுத்தவில்லை. ஜாகீர் முறையை அரசு ஒழித்த பிறகுதான் அவர்கள் தங்கள் மண்ணில் குடிமக்கள் ஆனார்கள்.

தமிழ்நாட்டில் மேடையிலிருந்து கோட்டைவரை போனவர்கள் உண்டே என்பீர்கள். உண்டு. நாடகக் கம்பெனியில் பசியோடு வளர்ந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். இசையும் நாடகமும் வளர்த்த கே.பி. சுந்தராம்பாள் சட்ட மேலவையில் உட்கார்ந்தார். புரிசைக் கூத்துப் பரம்பரையின் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒருவர் ஏறுவதும் ஒரு தொழிலார் எல்லோரும் ஏறுவதும் வேறு வேறு. டியோக்ளெஸ் கோடிகள் சேர்த்ததால் உர்பிகுஸின் மகளுக்கு ஒரு படி அரிசியும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை.

எல்லோரும் சேர்ந்து ஏறும் வழியைக் கலைஞர்களே காட்டியும் இருக்கிறார்கள். சிறு வயதிலேயே படிப்பை விட்டு மேடை ஏறிய பெ. ராஜகோபால், கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புருயினோடு சேர்ந்து 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். கூத்துக்காரர்கள் தங்கள் உரிமைக்காகத் தாங்களே கூடிய சங்கம் அது. புஞ்சரசந்தாங்கலில் அந்தச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் கூத்தும் கற்றார்கள், பள்ளிப் படிப்பும் படித்தார்கள். ஆண்களே ஆடி வந்த களரியில் அங்கிருந்து பெண்களும் ஏறினார்கள். கூத்தா படிப்பா என்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். கூத்தாடுகிறவர்களில் வன்னியர் உண்டு, வண்ணார் உண்டு, பறையர் உண்டு, பண்டாரம் உண்டு. களரிக்குள் யார் வேண்டுமானாலும் தருமராகலாம், திரௌபதியாகலாம். களரிக்கு வெளியே? பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வழிபடுவதை எதிர்த்துத் தகராறு எழுந்து, 2023 ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. அம்மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல்வரை ஆனது. நம் மாவட்டத்தில் சின்னசேலத்தை அடுத்த எடுத்தவாய்நத்தத்தில், 2023 ஜனவரியில் போலீஸ் பாதுகாப்போடுதான் தலித் மக்கள் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் முதன்முதலாகப் போக முடிந்தது. சபையில் மானபங்கம் செய்யப்பட்ட ஒருத்தியைத்தான் நாம் தெய்வமாகக் கும்பிடுகிறோம். அவள் வாசலில் இன்னொருவரை அவமானப்படுத்துவது அவளுக்குச் செய்யும் அவமானம். அவள் கதையை ஆட வருகிறவர் யாராக இருந்தாலும் அவள் சன்னிதிவரை போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வேஷம் கட்ட வேண்டும்.

கூவாகம் பகுதி விழாக்குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சித்திரை மாதத்தில் எங்கிருந்தெல்லாமோ வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரால் உங்கள் ஊரின் பெயர் உலகமெங்கும் போயிருக்கிறது. அவர்களில் ஆடவும் பாடவும் வல்லவர்கள் ஏராளம். திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டில், நல்ல பயிற்சியுள்ள திருநங்கைக் கலைஞருக்கு நம் களரியில் ஒரு வேஷமும், திருவிழா முடிந்த மறுநாள் தங்க வாடகைக்கு ஒரு வீடும் கிடைக்க வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பவை. எதுவும் உங்கள் கைக்கு எட்டாதது இல்லை.

முதலாவது, ஒப்பந்தத்தை எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும். எந்தத் தேதி, எந்தக் கூத்து, மொத்தத் தொகை, முன்பணம், பாக்கி, வேன் வாடகை யாருடையது, மழை வந்து ஆட்டம் நின்றால் என்ன கொடுப்பது என்பதையெல்லாம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பாக்கியை வேஷம் கட்டுவதற்கு முன்பே வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள். விடிந்த பிறகு பேரம் பேசும் பழக்கத்தை ஊர்த் தீர்மானமாகப் போட்டு நிறுத்துங்கள்.

இரண்டாவது, வந்தவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். கதவுள்ள அறை, விளக்கு, தண்ணீர், கழிப்பறை. இவை இல்லாததாலேயே பெண்கள் கூத்துக்கு வரத் தயங்குகிறார்கள். சாப்பாட்டை ஊராரோடு ஒரே பந்தியில் போடுங்கள். மிச்சத்தைக் குண்டானில் தள்ளி அனுப்புவது விருந்தோம்பல் ஆகாது.

மூன்றாவது, சாராயம். ஆடுகிறவருக்கு ஊற்றிக் கொடுத்தால் உற்சாகமாக ஆடுவார் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை விஷச் சாராயத்துக்குப் பறிகொடுத்த மாவட்டம் இது. கூலியின் ஒரு பகுதியாக யாருக்கும் மது கொடுப்பதில்லை என்று முடிவெடுங்கள். குடித்துவிட்டுக் களரிக்குள் ஏறிக் கலாட்டா செய்கிறவர் உபயதாரராகவே இருந்தாலும் வெளியேற்றுங்கள்.

நான்காவது, நோட்டீஸில் பெயர் போடுங்கள். வாத்தியார், வேஷக்காரர்கள், பக்கவாத்தியக்காரர்கள், பின்பாட்டுக்காரர் அனைவர் பெயரும் ஊரோடு வரட்டும். உபயதாரருக்குக் கட்டும் பரிவட்டத்தை, படுகளத்தன்று வாத்தியாருக்கும் கட்டுங்கள்.

ஐந்தாவது, நல வாரியம். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, இறுதிச் சடங்கு என்று பல உதவிகள் அதில் உண்டு. பதியாதவர்களுக்கு எதுவும் வராது. உங்கள் ஊரில் ஆடியவர்களுக்கு, இன்ன ஆண்டு இன்ன கூத்தில் ஆடினார் என்று விழாக்குழுக் கடிதத்தாளில் ஒரு சான்று எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊரில் கணினி தெரிந்த ஒரு பிள்ளையை விட்டு, பதியாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். கலை நன்மணி, கலை முதுமணி முதலான மாவட்ட விருதுகளுக்கும் நம் பக்கத்து மூத்த வாத்தியார்களின் பெயர்களைப் பரிந்துரைத்து எழுதுங்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். மைக் செட்டுக்கும் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் நாம் கொடுப்பதைப் பார்க்கிறேன். பாட்டுக் கச்சேரிக்காரர்கள் முழுத் தொகையையும் எண்ணி வாங்கிய பிறகே மேடை ஏறுவதையும் பார்க்கிறேன். அவர்களிடம் யாரும் ‘ரெண்டு பாட்டு குறைந்தது’ என்று கணக்குப் பார்ப்பதில்லை. நான் கேட்டவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை. மீதிக்கு வாணவேடிக்கையில் நாலு வெடியைக் குறைத்தால் போதும்.

இளைஞர்கள் கூத்துப் பார்க்க வருவதில்லை, பிறகு எதற்கு என்றும் கேட்பீர்கள். ஆடுகிறவருக்கு மதிப்பில்லாத இடத்தில் ஆட்டத்துக்கு மதிப்பு நெடுநாள் நிற்காது. தன் மகனை இந்தப் பக்கம் வராதே என்று தடுக்கும் தகப்பனின் மனம் மாறினால்தான் அடுத்த தலைமுறைக்குக் கர்ணன் கிடைப்பான். அந்த மகன் பாலிடெக்னிக் படித்து வேலைக்குப் போய், சனி ஞாயிறுகளில் விருப்பத்தோடு வேஷம் கட்டட்டும். அதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கோ, அவனுக்குப் பெண் கொடுக்கிறவருக்கோ கூச்சம் வரக் கூடாது. கூத்துக் கலைஞரின் குடும்பம் முன்னேறுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

ரோமாபுரியின் அரங்குகளில் பலவும் இன்று இடிந்து கிடக்கின்றன. நம் களரி இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே சட்டத்தை மாற்றப் பேரரசர் தேவைப்பட்டார். இங்கே ஊர்க்கூட்டத்தில் உட்காரும் நீங்களே போதும். தை மாதக் கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் உரக்கப் படியுங்கள். மேலே சொன்ன ஐந்தில் எதை இந்த வருஷம் செய்யப் போகிறீர்கள் என்று அன்றே முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓர் ஊர் தொடங்கினால் அடுத்த ஊர் தானாகக் கேட்கும். எந்த ஊர் எழுதிக் கொடுத்தது என்பதைக் கூத்துக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

மரியாதையுடன்,
உங்கள் களரிகளில் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவன்